வேகமான மெமரி ஏன் தோற்கிறது? சிப் பங்குகளைப் பற்றிய வாதங்களைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

மெமரி சிப் கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் பேசிக்கொள்வதை முதல்முறை கேட்பவருக்குத் தலை சுற்றும். "இது அதைவிட இரண்டு மடங்கு வேகம், பங்கு ஏறியே தீரும்" என்பார் ஒருவர். "ஒரு சிப்புக்கு எவ்வளவு செலவாகிறது, அதை முதலில் சொல்லுங்கள்" என்று மடக்குவார் இன்னொருவர். "சுழற்சி உச்சத்துக்கு வந்தாச்சு, விற்றுவிட்டு வெளியே வா" என்பார் மூன்றாமவர். ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவதுபோல் தெரியும். ஆனால் முதலாமவர் பேசுவது பொறியியல், இரண்டாமவர் பேசுவது உற்பத்திச் செலவு, மூன்றாமவர் பேசுவது சந்தையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு. ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்வதே இல்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கணினியிலும் போனிலும் பெரும்பாலும் இரண்டு வகை மெமரி சிப்கள் இருக்கின்றன. முதலாவது டிராம், பேச்சுவழக்கில் "ரேம்" என்கிறோமே, அது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டு இந்த அமைப்புக்கு 1968-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற டிராம் சிப்பில் மொத்தமே 1,024 பிட்கள்தான். மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் தானாகக் கசிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பிட்டையும் சாதாரணமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். மின்சாரம் நின்றால் அதில் இருந்தது அத்தனையும் போய்விடும்.

இரண்டாவது நாண்ட் ஃபிளாஷ். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. 1987-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மின்சாரம் போனாலும் தகவல் அழியாது. எஸ்எஸ்டி, பென்டிரைவ், போனில் படம் எடுத்துச் சேமிக்கும் இடம் எல்லாம் இதுதான். டிராமைவிட மிக மெதுவானது, பிட்டுக்கு மிக மலிவானது.

பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் எஸ்ராம் என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைத் தனியாக யாரும் பெரிதாக விற்பதில்லை என்பதால் பங்குச் சந்தைப் பேச்சில் அதிகம் வராது.

இந்தத் தொழிலில் முதலில் மனதில் பதிய வேண்டிய விஷயம், சாதாரண டிராமும் நாண்டும் ஏறக்குறைய தங்கம், தாமிரம்போலச் சந்தை விலைக்கு விற்கும் சரக்குகள் என்பது. ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு, டிடிஆர்5 என்ற இன்றைய டிராம் வகை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறது: எத்தனை கால்கள், எவ்வளவு வோல்ட், எந்த வேகம். சாம்சங் மெமரியைக் கழற்றிவிட்டு மைக்ரானுடையதைப் போட்டால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. வாங்குபவருக்கும் கவலை இல்லை. ஆகவே விலையைத் தயாரிப்பாளர் முடிவு செய்வதில்லை. அந்த மாதம் சந்தையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது முடிவு செய்கிறது. பிராசசர் கம்பெனி பங்குக்கும் மெமரி கம்பெனி பங்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

ராம்பஸ் என்ற பாடப்புத்தகம்

எது நல்ல தொழில்நுட்பம் என்ற வாதமும் எது நல்ல பங்கு என்ற வாதமும் எப்படிப் பின்னிக்கொள்ளும் என்பதற்கு ராம்பஸ் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மைக் ஃபார்ம்வால்ட், மார்க் ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 1990-இல் தொடங்கிய கம்பெனி ராம்பஸ். சிப் ஆலை எதுவும் கிடையாது. மெமரியும் பிராசசரும் பேசிக்கொள்ளும் முறையை வடிவமைத்து, அதன் உரிமத்தை விற்று, ராயல்டி வாங்குவதுதான் தொழில். 1996-இல் வந்த நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியில் இவர்கள் வடிவமைத்த டிராம் வகையான ஆர்டிராம் இருந்தது. அதே ஆண்டு இன்டெல் தன் வருங்காலக் கணினிகளுக்கு இந்த வகை மெமரியைத் தேர்ந்தெடுத்தது. 1997 மே மாதம் ஒரு பங்கு 12 டாலர் என்று ராம்பஸ் சந்தைக்கு வந்தது.

முதலீட்டாளர்களுக்கு இது கனவுபோல் இருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளில் இன்டெல் பிராசசர். இன்டெல் சொன்னால் எல்லோரும் ஆர்டிராம் வாங்கித்தான் ஆக வேண்டும். விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராம்பஸுக்கு ஒரு பங்கு. ஆலைச் செலவு பூஜ்யம்.

தொழில்நுட்பமும் காகிதத்தில் அழகாக இருந்தது. மெமரியின் வேகத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி இருக்கிறது: தகவல் போகும் கம்பிகளின் எண்ணிக்கையை, ஒரு கம்பி வினாடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறது என்பதால் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை பைட் என்று வந்துவிடும். அன்று வழக்கத்தில் இருந்த சாதாரண டிராம் வகையான பிசி133 எஸ்டிராமுக்கு 64 கம்பிகள், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 133 மில்லியன் பிட். கணக்குப் போட்டால் 1.06 ஜிகாபைட். ஆர்டிராமுக்கு 16 கம்பிகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் 800 மில்லியன் பிட். 1.6 ஜிகாபைட். கம்பி கால்வாசி, வேகம் ஒன்றரை மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராம்பஸ் பக்கம் சாய்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கணக்கில் வராதவை இனிமேல்தான் வருகின்றன. வினாடிக்கு எவ்வளவு பைட் என்பது ஒன்று; இதை அலைவரிசை என்கிறார்கள். கேட்டதும் முதல் பைட் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இன்னொன்று. இதைத் தாமதம் என்கிறார்கள். ஆர்டிராமில் இந்தத் தாமதம் கூடுதல். அதனால் அன்றைய பென்டியம் 3 கணினிகளில், பல சாதாரண வேலைகளில், விலை உயர்ந்த ஆர்டிராம் போட்டும் பெரிய லாபம் தெரியவில்லை. சிப் அதிகம் சூடானதால் மேலே உலோகத் தகடு மாட்ட வேண்டியிருந்தது. சமிக்ஞை ஒரு மெமரி பலகைக்குள் நுழைந்து, வெளியேறி, அடுத்ததற்குள் போகும் அமைப்பு என்பதால் காலி ஸ்லாட்டை அப்படியே விட முடியாது. சிப்பே இல்லாத ஒரு வெற்றுப் பலகையை வாங்கிச் செருகினால்தான் கணினி கிளம்பும். மெமரியே இல்லாத மெமரி பலகை!

இதெல்லாம் பயனருக்கு வந்த சங்கடம். தயாரிப்பாளர்களின் சங்கடம் வேறு, அதுதான் தலைவிதியைத் தீர்மானித்தது. ராம்பஸின் கூடுதல் சுற்றுகளால் ஒவ்வொரு சிப்பும் அதே கொள்ளளவுள்ள எஸ்டிராமைவிடப் பெரிதானது. சிலிக்கான் வட்டத்தட்டு ஒன்றை, அதாவது வேஃபரை, ஆலையில் ஓட்டும் செலவு கிட்டத்தட்ட மாறாது. சிப் பெரிதானால் ஒரு வேஃபரில் கிடைக்கும் சிப்கள் குறையும். உதாரணத்துக்கு, ஒரு வேஃபரில் 500 சிப் கிடைத்த இடத்தில் 400 கிடைத்தால், ஒவ்வொன்றின் செலவும் 25 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். சோதிக்கப் புதிய கருவிகள் வேண்டும். இத்தனைக்கும் மேல் ராயல்டி. பைசா பைசாவாக லாபம் பார்க்கும் டிராம் தயாரிப்பாளர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அவர்களிடம் மாற்று வழி ஒன்று தயாராக இருந்தது. பழைய எஸ்டிராமையே எடுத்து, கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு பிட், இறங்கும்போது ஒரு பிட் என்று அனுப்பினால் அதே 133 மெகாஹெர்ட்ஸில் இரட்டிப்பு வேகம்: 2.1 ஜிகாபைட். டிடிஆர் என்பது இதுதான். 2000-இல் ஜெடெக் இதைத் தரமாக வெளியிட்டது. இருக்கும் ஆலை, இருக்கும் இயந்திரம், கொஞ்சம் மாற்றம்.

இதற்கிடையே இன்டெல் தடுமாறியது. பிராசசரையும் மெமரியையும் இணைக்கும் துணைச் சிப் தொகுதியை சிப்செட் என்கிறார்கள். ஆர்டிராமுக்கான 820 சிப்செட் 1999 செப்டம்பரில் வரவேண்டியது. மெமரிக்கு மூன்று ஸ்லாட் வைத்த தாய்ப்பலகைகளில் பிழைகள் வந்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தி, நவம்பரில் இரண்டு ஸ்லாட்டோடு விட்டார்கள். ஆர்டிராம் விலையைப் பார்த்து வாங்குபவர்கள் தயங்க, அதே சிப்செட்டில் பழைய எஸ்டிராம் ஓட ஒரு மொழிபெயர்ப்புச் சிப்பை வைத்தார்கள். அதிலும் கோளாறு வந்து 2000 மே மாதம் தாய்ப்பலகைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 ஆர்டிராமோடுதான் வந்தது. அடுத்த ஆண்டே எஸ்டிராமுக்கான சிப்செட்டையும் இன்டெல் கொடுத்துவிட்டது. பிறகு டிடிஆர். கதை முடிந்தது.

பங்கு விலை இந்தக் கதையோடு சேர்ந்து நடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆர்டிராம் தள்ளாடிக்கொண்டிருந்த அதே 2000-இல் ராம்பஸ் பங்கு 400 டாலரைத் தாண்டியது. ஜூனில் ஒன்றை நான்காகப் பிரித்தார்கள். டாட்காம் காய்ச்சல் ஒரு காரணம். இன்னொரு காரணம் காப்புரிமை. எஸ்டிராமிலும் டிடிஆரிலும்கூடத் தங்கள் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன என்று ராம்பஸ் உரிமை கோரியது. தோஷிபாவும் ஹிட்டாச்சியும் 2000 ஜூனில் பணம் தர ஒப்புக்கொண்டன. "எது ஜெயித்தாலும் ராம்பஸுக்குக் காசு" என்ற வாதம் அங்கே பிறந்தது. மெமரியைப் பற்றிய விவாதம் அந்த நாளோடு வழக்கறிஞர்களைப் பற்றிய விவாதமாகிவிட்டது. தாமதம், அலைவரிசை என்று மாதக்கணக்கில் படித்தவர்களின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போனது. ஜெடெக் கூட்டங்களில் ராம்பஸ் தன் காப்புரிமைகளைப் பற்றி எதைச் சொல்லியிருக்க வேண்டும், எதை மறைத்தது என்பதுதான் பங்கு விலையை ஆட்டியது.

ஜெர்மன் சிப் கம்பெனி இன்ஃபினியனுடனான காப்புரிமை வழக்கில் 2001-இல் நடுவர் குழு ராம்பஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2003-இல் மேல்முறையீட்டில் அது புரண்டது. 2010-இல் சாம்சங் சுமார் 900 மில்லியன் டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு வந்தது. 2011 நவம்பரில் மைக்ரான், ஹைனிக்ஸ் (இன்றைய எஸ்கே ஹைனிக்ஸ்) மீதான வழக்கில் தோற்ற அன்று ஒரே நாளில் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. இன்றும் ராம்பஸ் இருக்கிறது. சர்வர்களில் போகும் டிடிஆர்5 மெமரி பலகைகளுக்குத் துணைச் சிப் விற்றுச் சம்பாதிக்கிறது. ஆம், டிடிஆருக்கு.

விலை ஏறினால் ஏன் பயப்படுகிறார்கள்?

தொடக்கத்தில் சுழற்சி உச்சம் என்ற மூன்றாமவரின் பேச்சுக்கு வருவோம். ஒரு பயிருக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த பருவத்தில் எல்லோரும் அதையே விதைத்து, அறுவடையின்போது விலை சரிவது போலத்தான் டிராம் சந்தையும். விலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் ஆலை கட்டுகிறார்கள். ஆலை எழும்பிச் சரக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எல்லோருடைய சரக்கும் ஒன்றாக வந்து விழுகிறது. ஆலையை நிறுத்தவும் முடியாது: செலவில் பெரும்பகுதி கட்டிடத்திலும் இயந்திரத்திலும் ஏற்கெனவே போய்விட்டது. நஷ்டத்துக்கு விற்றாலும் ஓட்டுவதே லாபம் என்ற விசித்திர நிலை.

இந்த ஏற்ற இறக்கத்தில் இன்டெல்லே 1985-இல் டிராம் தொழிலை விட்டு வெளியேறியது. ஜெர்மனியின் கிமோண்டா 2009-இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது, மறு ஆண்டு மைக்ரான் அதை வாங்கியது. மிஞ்சிய பெரியவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவர்தான். மூவர்தானே, இனிமேல் சண்டை போடமாட்டார்கள், சுழற்சி செத்துவிட்டது என்ற பேச்சு அடிக்கடி எழும். மைக்ரான் கணக்கைப் பார்த்தால் அது செத்ததாகத் தெரியவில்லை. 2018 நிதியாண்டில் நிகர லாபம் 14 பில்லியன் டாலருக்கு மேல். 2023 நிதியாண்டில் நிகர நஷ்டம் 5.8 பில்லியன் டாலர்.

இங்கேதான் புதியவர்கள் வழக்கமாக விழும் குழி இருக்கிறது. பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுப்பது பி/இ விகிதம். அது குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்று படித்திருப்போம். 2018 நடுவில் மைக்ரானின் பி/இ ஏறக்குறைய 5. அடடா, அள்ளிக்கொள்ளலாம் என்று தோன்றும். மே மாத உச்சத்திலிருந்து டிசம்பருக்குள் பங்கு பாதியாகிவிட்டது. மாறாக, வரலாறு காணாத நஷ்டம் பதிவான 2023-இல், பி/இ கணக்கிடவே முடியாத நிலையில், பங்கு சுமார் 50 டாலரிலிருந்து 85-க்கு ஏறியது. சுழற்சித் தொழிலில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி/இ கீழே தெரியும், லாபம் பாதாளத்தில் இருக்கும்போது தாறுமாறாகத் தெரியும். சந்தை பார்ப்பது அடுத்த ஆண்டை. இந்த விகிதத்தை மட்டும் காட்டி மெமரி பங்கு மலிவு என்று யாராவது வாதிட்டால் நான் அதற்கு மேல் கேட்பதில்லை.

நடுவில் நுழையப் பார்த்தவை

டிராமுக்கும் நாண்டுக்கும் நடுவே வேகத்திலும் விலையிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதை நிரப்புகிறோம் என்று எம்ராம், ரீராம், எஃப்ராம் என்று பல புதிய மெமரி வகைகள் வந்தன. சில இன்றும் சின்னச் சின்னப் பயன்பாடுகளில் பிழைத்திருக்கின்றன. பெரிய முயற்சி இன்டெலும் மைக்ரானும் 2015 ஜூலையில் அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட். நாண்டைவிட 1,000 மடங்கு வேகம் என்றார்கள். ஆப்டேன் என்ற பெயரில் பொருளும் வந்தது, நன்றாகவும் வேலை செய்தது. 2021-இல் மைக்ரான் விலகி, அதற்கான யூட்டா ஆலையை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றது. 2022-இல் இன்டெலும் மூடிவிட்டு, தேங்கிய சரக்குக்காக 559 மில்லியன் டாலரை நஷ்டமாக எழுதியது.

நல்ல பொருள்தானே, ஏன்? அளவு போதவில்லை. டிராமும் நாண்டும் கோடிக்கணக்கில் தயாராவதால் ஆண்டுக்கு ஆண்டு செலவு குறைகிறது. புதியவன் மலிவாக வேண்டுமென்றால் நிறைய விற்க வேண்டும். நிறைய விற்க மலிவாக இருக்க வேண்டும். அவன் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் பழையவை இன்னும் மலிவாகிவிடுகின்றன.

எச்பிஎம்: இந்த முறை வேறா?

இன்றைய வாதம் எல்லாம் எச்பிஎம்மைச் சுற்றித்தான். அடிப்படையில் அதுவும் டிராம்தான். பல டிராம் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் ஊடே நுண்துளைகள் போட்டு இணைத்து, பிராசசருக்கு மிக அருகில் வைப்பது. 2013-இல் ஜெடெக் தரமானது. 2015-இல் ஏஎம்டியின் கிராபிக்ஸ் அட்டையில் வந்தது. மேலே சொன்ன கணக்கை இதற்கும் போடலாம். டிடிஆர்5-6400 பலகைக்கு 64 கம்பிகள், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 6.4 ஜிகாபிட்: 51.2 ஜிகாபைட். எச்பிஎம்3 அடுக்கு ஒன்றுக்கு 1,024 கம்பிகள், ஒவ்வொன்றிலும் அதே 6.4 ஜிகாபிட்: 819 ஜிகாபைட். ராம்பஸ் கம்பியைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. இவர்கள் கம்பியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா சிப்களுக்கு இந்த அலைவரிசை தேவை. அதற்கு என்ன விலையும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ராம்பஸுக்குக் கிடைக்காதது அந்த ஆள்தான்.

எச்பிஎம்முக்கும் ஒரு போட்டியாளன் இருந்தான். மைக்ரான் முன்னெடுத்த எச்எம்சி. அதுவும் அடுக்கிய டிராம்தான், வேறு இணைப்பு முறை. 2018-இல் மைக்ரானே அதைக் கைவிட்டு எச்பிஎம் பக்கம் வந்தது. தாமதமாக வந்ததன் விலையைப் பிறகு கொடுத்தது. முதலிலிருந்தே இதில் நின்ற எஸ்கே ஹைனிக்ஸ், 2025 முதல் காலாண்டில் டிராம் வருவாயில் சாம்சங்கையே முந்தியது.

எச்பிஎம் பக்கம் நிற்பவர்களின் வாதம் இப்படிப் போகும்: இது சந்தை விலைச் சரக்கு கிடையாது, விலையும் அளவும் முன்கூட்டியே ஒப்பந்தமாகின்றன, வாடிக்கையாளரின் சோதனையில் தேறினால்தான் விற்க முடியும். தவிர, அதே அளவு பிட்டுக்கு டிடிஆர்5-ஐவிட எச்பிஎம்3இ சுமார் மூன்று மடங்கு வேஃபரைத் தின்கிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. எச்பிஎம் கூடக்கூடச் சாதாரண டிராமுக்கு வேஃபர் குறையும், அதன் விலையும் ஏறும். 2025 இறுதியில் நடந்ததும் அதுதான்: க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு மெமரி விற்கும் வணிகத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. எதிர் வாதம்: வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்கள் செலவைக் குறைத்தால் என்ன ஆகும்? தயாரிப்பாளர்கள் மூவரும் புதிய ஆலைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதெல்லாம் எங்கே போய் விழும்?

எனக்கு இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. அதற்குப் பதில் தொழில்நுட்பக் கட்டுரைகளில் கிடைக்காது. கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் சரக்கிருப்பு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்ற வரியைப் பாருங்கள்; தொடர்ந்து இரண்டு, மூன்று காலாண்டுகள் ஏறினால் விலை இறங்கத் தயாராகிறது. அடுத்த ஆண்டு மூலதனச் செலவு எவ்வளவு என்று மூன்று கம்பெனிகளும் சொல்வதை அருகருகே வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு கட்டிடத்துக்கு, எவ்வளவு இயந்திரத்துக்கு என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது: கட்டிடம் மட்டும் எழும்பினால் சிப் வராது, இயந்திரம் வாங்க ஆரம்பித்துவிட்டால் சரக்கு கிளம்பிவிட்டது.